செவ்வாய்க்கிழமை அறை

குலசேகரத்தில் இறங்கி
மினிபஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.
பையில் நாற்பது கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை.
உடம்பைப் பார்க்கும் இடத்தில் மனசையும் பார்க்கிறார்களா,
பார்த்தால் எவ்வளவு,
அளந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆலோசனைக்குத் தனி அறை உண்டா?
உண்டு. கதவில் பெயர்ப்பலகையும் உண்டு.
உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள்,
கொசுமருந்து அடிக்கும் மெஷின்,
முள் உடைந்த எடைத்தராசு.
செவ்வாய் மட்டும் மூட்டைகள் வராந்தாவுக்கு வரும்.
விபின் சார் தக்கலையிலிருந்து வருவார்.
நான் போனது வியாழன்.
இரண்டு போட்டேன்.
யோசித்து, ஒன்றாக்கினேன்.

மருந்து இருப்பு உண்டா?
பத்தொன்பது நாளாக இல்லை.
இருக்கும்போது
சுகர் மாத்திரை வெள்ளைக் கவரில் போகும்,
இது மட்டும் பழைய பேப்பரில் பொதிந்து போகும்.
"ஆளுவ பாத்திரக் கூடாதுல்லா" என்றார் பார்மசிஸ்ட்.
அது கனிவா, கூச்சமா
என்று நாற்பதில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பதிவேடு ஒன்றா?
இரண்டு.
டாக்டர் அஜிலாவின் நீல நோட்டில்
தாசையன், ஐம்பத்து மூன்று, நெஞ்சுப் படபடப்பு,
ஈசிஜி சாதாரணம்.
மறுபடி, சாதாரணம்.
பதினோரு தடவை சாதாரணம்.
விபினின் பச்சை நோட்டில்
போன ஆடியில்தான் முதல்முறை வருகிறார் அதே தாசையன்.
ஒரே மேசையில், ஒன்றின்மேல் ஒன்றாக,
ஒன்றை ஒன்று வாசிக்காத இரண்டு நோட்டுகள்.

நீலத்திலிருந்து பச்சைக்கு
அவரை யார் கொண்டுவந்தது?

இருபத்திரண்டாம் கேள்வி அதைத்தான் தேடியது:
வருகிற எல்லோரிடமும் மனநலப் படிவம் நிரப்பப்படுகிறதா?
ஒரு மாதம் நிரப்பினார்களாம்.
"தேவைக்கு முன்னதாகவே விழித்துக்கொள்கிறீர்களா?"
ஆம், ஆம், ஆம்.
ரப்பர் வெட்டுகிற ஊர்.
ரெண்டு மணிக்கு எழும்பி, நெற்றியில் விளக்கைக் கட்டி,
வெயிலுக்கு முன் பால் வடிய வேண்டும்.
ஊர் முழுக்க மனச்சோர்வு என்றது கம்ப்யூட்டர்.
படிவம் அலமாரிக்குப் போனது.

கேள்வி மட்டும் ரோஸ்லெட்டிடம் தங்கிவிட்டது.
பிரஷர் பார்க்கிற நர்ஸ்.
புஜத்தில் பட்டையைச் சுற்றி, காற்றை அடித்துக்கொண்டே
வேறு மாதிரிக் கேட்டிருக்கிறாள்:
"மழைக்கு வெட்டு இல்லாத நாள்லயும்
ரெண்டு மணிக்கு முழிப்பு வருதா?"

காற்று இறங்கும்வரை தாசையன் பேசவில்லை.
பிறகு,
"வருது. கெடந்து மரத்த எண்ணுவேன்.
எண்ணித் தீந்துட்டுன்னா
எனக்கு என்னையே பயமாக்கும்."

அன்று செவ்வாய் இல்லை.
மூட்டைகளை அவளே இழுத்துப் போட்டாள்.
விபினைப் போனில் பிடித்து,
போனைத் தாசையன் கையில் கொடுத்து,
சாத்திய கதவுக்கு வெளியே,
சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியாக, நின்றாள்.

"எந்தப் படிவத்தில் எழுதினீர்கள்?"
"எழுதல்ல. வரிசையில முப்பது பேரு நின்னாவ."

இப்போது மாசம் ரெண்டு தடவை வருகிறாராம்.
ஒரு தடவை வராமலும் இருந்தாராம்.
அன்று ரோஸ்லெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை
அவள் சொல்லவில்லை,
பார்மசிஸ்ட் சொன்னார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.
"நல்லா நடக்குன்னு போட்டா
ஆளு தரமாட்டாவ.
மோசம்னு போட்டா
செவ்வாக்கிழமையயும் எடுத்துட்டுப் போவாவ.
நீங்க என்ன போடப் போறீய?"

பஸ் வந்துவிட்டது.
திற்பரப்பு தாண்டும்வரை சிக்னல் இல்லை.
இருபத்திரண்டாம் கட்டம் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது,
நிரப்பாமல் அனுப்ப முடியாது என்று.
ஜன்னலுக்கு வெளியே
மரத்துக்கு மரம் சிரட்டை.
பதினேழு வரை எண்ணிவிட்டேன்,
எண்ணுகிறேன் என்று தெரிவதற்குள்.